சௌரி முத்து

டேவிட் ஜேக்கப் ஆரன் சௌரி முத்து (1864 – 1940) காசநோய் மருத்துவத்தில் பெயர்பெற்ற தமிழ் மருத்துவர். மருத்துவ வரலாற்று எழுத்தாளர். இங்கிலாந்தில் திறந்தவெளிக் காசநோய் நலவாழ்வு மனைகளை நடத்திய இவர், 1928ஆம் ஆண்டில் தாம்பரத்தில் காசநோய் நலவாழ்வு மனை ஒன்றை நிறுவினார். அதுவே பின்னர் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக வளர்ந்தது. தென்சென்னைப் புறநகர் மக்கள் இப்பகுதியைத் தாம்பரம் சானடோரியம் என்று அழைப்பது இந்த மனையின் காரணமாகவே. கணித மேதை சீனிவாச இராமானுசன் இங்கிலாந்தில் நோயுற்றிருந்தபோது தங்கிய நலவாழ்வு மனைகளுள் ஒன்று இவருடையதாகும்.

இளமையும் கல்வியும்

சௌரி முத்து சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கிறித்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சென்னையில் பயின்றபின் மருத்துவக் கல்விக்காக இங்கிலாந்து சென்றார். அங்கு அறுவை மருத்துவர் கல்லூரியின் உறுப்பினர் தகுதியையும், மருத்துவர் கல்லூரியின் உரிமத் தகுதியையும் பெற்றார். பின்னர் பெல்சியத்தின் புரூசெல்சு நகரில் மருத்துவ முனைவர் பட்டம் பெற்றார். ஆங்கிலப் பெண்மணி ஒருவரை மணந்து இங்கிலாந்திலேயே குடியமர்ந்தார்.

அக்காலத்தில் இந்தியர் பலர் இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று இந்தியா திரும்பி அரசுப் பணியில் சேர்ந்தனர். இங்கிலாந்திலேயே தங்கி, ஆங்கிலேய நோயாளிகளுக்காகச் சொந்தமாக மருத்துவ நிறுவனம் நடத்திய இந்தியர் மிகச் சிலரே. சௌரி முத்து அவர்களுள் ஒருவர்.

காலப் பின்னணி

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் மக்களைப் பெருமளவில் கொன்ற நோய்களுள் காசநோய் முதன்மையானது. செருமானிய அறிவியலாளர் இராபர்ட் கோக் 1882ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை அறிவித்தார். நோயின் காரணம் தெரிந்துவிட்டது; ஆனால் அக்கிருமியைக் கொல்லும் மருந்து அடுத்த 60 ஆண்டுகளுக்குக் கிடைக்கவில்லை. இந்த இடைவெளியில்தான் சௌரி முத்துவின் மருத்துவ வாழ்வு முழுவதும் கழிந்தது.

மருந்து இல்லாத நிலையில் மருத்துவர்கள் நோயாளியின் உடல் வலிமையையே நம்பினர். தூய காற்று, ஓய்வு, நல்ல உணவு ஆகியவற்றால் உடல் தானே நோயை வெல்லும் என்ற கருத்தில் நலவாழ்வு மனைகள் தோன்றின. எர்மன் பிரேமர் என்ற மருத்துவர் 1850-களில் அன்றைய பிரசியாவின் கோர்பெர்சுடார்பு என்ற மலையூரில் இத்தகைய மனையைத் தொடங்கினார். இம்முறை விரைவில் சுவிட்சர்லாந்து, இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளுக்கும் பரவியது. நோயாளியை நெரிசலான வீட்டிலிருந்து பிரித்துவைத்ததால் பிறருக்கு நோய் தொற்றுவது குறைந்ததும் இம்மனைகளால் விளைந்த நன்மையாகும்.

இங்கிலாந்தில் பணி

சௌரி முத்து இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த வைட் தீவில் இருந்த இங்கில்வுட் நலவாழ்வு மனையில் பணியாற்றினார். பின்னர் சாமர்செட் மாவட்டத்தில் வெல்சு நகருக்கு அருகே, மென்டிப் குன்றுகளில் அமைந்த இல் குரோவ் என்ற இடத்தில் நலவாழ்வு மனையை நடத்தினார். இது மென்டிப் குன்று நலவாழ்வு மனை எனப்பட்டது.

இவ்விரு இடங்களிலும் கண்டறிந்தவற்றை இவர் நூல்களாக எழுதினார். 1910ஆம் ஆண்டு வெளிவந்த நூல் பத்தாண்டு அனுபவங்களையும், 1922ஆம் ஆண்டு வெளிவந்த நூல் 22 ஆண்டு அனுபவங்களையும் தொகுத்துக் கூறின.

மருத்துவ முறை

சௌரி முத்துவின் மருத்துவம் திறந்தவெளி முறையை அடிப்படையாகக் கொண்டது. நோயாளிகள் இரவும் பகலும் காற்றோட்டமான இடத்தில் இருந்தனர். காய்ச்சல் உள்ளவர்களுக்கு முழு ஓய்வும், காய்ச்சல் தணிந்தவர்களுக்குப் படிப்படியாகக் கூடும் நடைப்பயிற்சியும் உடலுழைப்பும் விதிக்கப்பட்டன. இவற்றுடன் மூச்சுப் பயிற்சி, கிருமி நாசினி ஆவியை உள்ளிழுத்தல் ஆகியவற்றையும் இவர் பயன்படுத்தினார்.

காசநோயின் தோற்றம் பற்றி இவருக்குத் தனிக் கருத்து இருந்தது. கிருமி ஒன்றே நோய்க்குப் போதிய காரணம் ஆகாது. வறுமை, இடநெருக்கடி, சத்தற்ற உணவு, தொழில் நகரங்களின் வாழ்க்கை முறை ஆகியவை உடலின் எதிர்ப்பாற்றலைக் குலைத்த பின்னரே கிருமி வெல்கிறது என்று இவர் கருதினார். எனவே காசநோயை ஒரு சமூக நோயாகவே பார்த்தார்.

இக்கருத்தின் ஒரு பகுதி காலத்தால் உறுதி பெற்றது. ஊட்டக் குறைவும் நெரிசலான குடியிருப்பும் காசநோய்க்கு வழிவகுப்பதை இன்றைய மருத்துவமும் ஏற்கிறது. ஆனால் கிருமியின் பங்கைக் குறைத்து மதிப்பிட்டது நிலைக்கவில்லை. கிருமியைக் கொல்லும் மருந்து வந்தபின், காற்றும் ஓய்வும் மட்டும் அளித்த பலனைவிட மிகப் பெரும் பலன் கிடைத்தது.

விலா எலும்பு அறுவை மருத்துவம்

சௌரி முத்து பணியாற்றிய காலத்தில் காசநோய் மருத்துவம் இரு வழிகளாகப் பிரிந்திருந்தது. ஒன்று இவர் பின்பற்றிய திறந்தவெளி வழி. மற்றொன்று, நோயுற்ற நுரையீரலைச் சுருங்கச் செய்து அதற்கு ஓய்வளிக்கும் வழி. இத்தாலிய மருத்துவர் கார்லோ போர்லானினி நெஞ்சறைக்குள் ஊசி வழியாகக் காற்றைச் செலுத்தி நுரையீரலைச் சுருக்கும் முறையை 1880-களில் முன்வைத்தார்.

நுரையீரல் நெஞ்சுச் சுவருடன் ஒட்டிக்கொண்ட நோயாளிகளுக்கு இம்முறை பயன்படவில்லை. அவர்களுக்காக விலா எலும்புகளை வெட்டி நீக்கும் அறுவை உருவானது. முதுகுப் பக்கமாகத் தசையைப் பிளந்து, ஒரு பக்கத்து விலா எலும்புகள் பலவற்றின் பகுதிகளை நீக்குவர். தாங்கும் எலும்பு இல்லாததால் நெஞ்சுச் சுவர் உள்நோக்கி அமிழும். அதன் அடியில் உள்ள நுரையீரலும் சுருங்கும். நோயால் உண்டான குழிகள் மூடிக்கொள்ளும். எலும்பின் மேலுறை விட்டுவைக்கப்படுவதால் அமிழ்ந்த நிலையிலேயே புதிய எலும்பு வளர்ந்து சுவர் இறுகும். ஒரே நேரத்தில் செய்தால் உடல் தாங்காது என்பதால் சில வார இடைவெளியில் இரண்டு அல்லது மூன்று கட்டங்களாக இது செய்யப்பட்டது. செருமனியில் பெர்டினாண்டு சாயர்புருக்கும் அமெரிக்காவில் சான் அலெக்சாண்டரும் இத்துறையில் குறிப்பிடத்தக்கவர்கள். அலெக்சாண்டர் 1925ஆம் ஆண்டு காசநோய் அறுவை பற்றிய நூலை வெளியிட்டார்.

இவ்வறுவை பலரைப் பிழைக்கவைத்தது. ஆயினும் தோள் சாய்வும் முதுகுத்தண்டு வளைவும் வாழ்நாள் முழுதும் நிலைத்தன. பிழைத்தவர்களுள் சிலருக்குப் பல பத்தாண்டுகள் கழித்து முதுமையில் மூச்சுத் திறன் குறைந்தது. உடல் தளர்ந்தவர்களும் முதியவர்களும் இவ்வறுவைக்கு ஏற்றவர்களாகக் கருதப்படவில்லை. எனவே நலவாழ்வு மனையின் ஓய்வும் உணவும் காற்றுமே பெரும்பாலான நோயாளிகளுக்குக் கிடைத்த மருத்துவமாக இருந்தன.

காசநோய் மருந்துகள் வந்தபின் விலா எலும்பு நீக்கும் அறுவை பெரும்பாலும் கைவிடப்பட்டது. இன்று விலா எலும்பில் அறுவை செய்வதன் நோக்கமே வேறாகிவிட்டது. கீழே விழுந்து விலா எலும்புகள் முறிந்த முதியவர், வலியால் ஆழ்ந்து மூச்சுவிடவும் இருமவும் இயலாமல் போகிறார். சளி தேங்கி நுரையீரல் அழற்சி உண்டாகிறது. 80 வயதைக் கடந்தவர்களுக்கு எலும்பு முறிவைவிட இதுவே பெரிய ஆபத்து. எனவே வலி தணித்தல், மூச்சுப் பயிற்சி, விரைவில் எழுந்து நடக்கச் செய்தல் ஆகியவை முதலில் மேற்கொள்ளப்படுகின்றன. பல எலும்புகள் முறிந்து நெஞ்சுச் சுவர் நிலைகுலைந்தால், முறிந்த துண்டுகளை உலோகத் தகடுகளால் இணைக்கும் அறுவை செய்யப்படுகிறது. மிக முதியவர்களுக்கு இவ்வறுவை வேண்டுமா என்பது அவரவர் உடல்நிலையைப் பொறுத்தே முடிவு செய்யப்படுகிறது. ஒரு காலத்தில் நுரையீரலை அடக்குவதற்காக நீக்கப்பட்ட எலும்பு, இன்று நுரையீரல் விரிவதற்காக இணைக்கப்படுகிறது. சௌரி முத்து வற்புறுத்திய மூச்சுப் பயிற்சியோ இன்றும் நெஞ்சக மருத்துவத்தில் இடம்பெறுகிறது.

இராமானுசனுக்கு மருத்துவம்

சீனிவாச இராமானுசன் 1914ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று நெவாசா என்னும் கப்பலில் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். அதே கப்பலில் சௌரி முத்துவும் பயணம் செய்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் மருத்துவராகவும் நோயாளியாகவும் சந்திக்க நேர்ந்தது.

இராமானுசன் 1917ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில் கேம்பிரிட்சில் நோயுற்றார். முதலில் அங்கேயே ஒரு மருத்துவ விடுதியில் சேர்க்கப்பட்டார். அவ்வாண்டின் பிற்பகுதியில் மென்டிப் குன்றுகளில் இருந்த சௌரி முத்துவின் நலவாழ்வு மனைக்குச் சென்றார். பின்னர் தெர்பிசயரில் உள்ள மாட்லாக் நலவாழ்வு மனைக்கு மாறினார். மரக்கறி உணவை மட்டுமே உண்ட இராமானுசனுக்கு, முதல் உலகப் போர்க்கால உணவுத் தட்டுப்பாடும் குளிரும் பெருந்துன்பமாக இருந்தன. திறந்த சன்னலும் குளிர்ந்த காற்றும் நலவாழ்வு மனை மருத்துவத்தின் அடிப்படைகள். வெப்ப நாட்டிலிருந்து சென்ற ஒருவருக்கு அவையே கடினமானவை.

இராமானுசன் 1918ஆம் ஆண்டு மே மாதம் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோதும் நோயாளியாகவே இருந்தார். 1919ஆம் ஆண்டு இந்தியா திரும்பிய அவர் 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் 32ஆம் வயதில் காலமானார்.

இராமானுசனின் நோய் எது என்பது குறித்து அக்காலத்திலேயே கருத்து வேறுபாடு இருந்தது. வயிற்றுப் புண் முதல் காசநோய் வரை பல நோய்கள் கருதப்பட்டன. தி. ஆ. பி. யங் 1994ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அது அமீபாவால் கல்லீரலில் உண்டான சீழ்க்கட்டியாக இருக்கக்கூடும் என்றார். இந்தியாவில் இருந்தபோதே இராமானுசனுக்கு வயிற்றுக்கடுப்பு வந்திருந்ததும், விட்டுவிட்டு வந்த காய்ச்சலும் இக்கருத்துக்குச் சான்றுகளாகக் காட்டப்படுகின்றன. இக்கருத்து சரியெனில், நலவாழ்வு மனைகளில் அவருக்கு அளிக்கப்பட்ட மருத்துவம் அவருடைய நோய்க்கு உரியதன்று. எக்சு-கதிர்ப் படமும் சளிச் சோதனையும் இன்றுபோல் வளர்ச்சி பெறாத காலத்தில், நீடித்த காய்ச்சலும் உடல் மெலிவும் கண்டால் காசநோய் என்று கருதுவது பொதுவான வழக்கமாக இருந்தது.

மருத்துவ வரலாற்று ஆய்வு

இந்திய மருத்துவத்தின் தொன்மையை மேலைநாட்டினர்க்கு எடுத்துக்கூறுவதில் சௌரி முத்து ஆர்வம் காட்டினார். 1913ஆம் ஆண்டு இலண்டன் அரச மருத்துவக் கழகத்தின் வரலாற்றுப் பிரிவில் பண்டைய இந்து மருத்துவம் குறித்து ஆய்வுரை வழங்கினார். இதே பொருளில் இவர் எழுதிய நூல் பின்னர் விரிவாக்கப்பட்டு 1930-இல் வெளிவந்தது. இந்திய மருத்துவம் கிரேக்கத்திலிருந்து பெற்றது என்று பல மேலைநாட்டு அறிஞர்கள் கருதிய காலத்தில், அதன் தனித்தோற்றத்தையும் தொன்மையையும் இவர் வலியுறுத்தினார்.

இந்திய மருத்துவ நூல்களில் நெஞ்சக நோய்கள் பற்றிய செய்திகள் விரிவாகவே உள்ளன. சுசுருத சம்கிதை காசநோயை இராசயட்சுமம் என்ற பெயரில் விளக்குகிறது. எலும்பு முறிவுகளை வகைப்படுத்தும் அந்நூல், விலா எலும்பு முறிந்தவருக்கு நெய் பூசி, முறிவைச் சரிசெய்து கட்டிட்டு, எண்ணெய் நிரப்பிய தொட்டியில் கிடத்தும் முறையையும் கூறுகிறது.

தாம்பரம் சானடோரியம்

1920-களில் சௌரி முத்து இந்தியாவில் காசநோய் மருத்துவத்தில் கவனம் செலுத்தினார். இந்தியாவில் நலவாழ்வு மனைகள் அதற்கு முன்பே இருந்தன. ஆச்மீருக்கு அருகே திலாவுனியாவில் 1906ஆம் ஆண்டும், மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் 1915ஆம் ஆண்டும் கிறித்தவ அமைப்புகள் அவற்றைத் தொடங்கியிருந்தன. எனவே தாம்பரம் மனையை இந்தியாவின் முதல் காசநோய் நலவாழ்வு மனை எனச் சிலர் குறிப்பிடுவது பொருந்தாது. சென்னை நகருக்கு அணித்தாக, இந்திய மருத்துவர் ஒருவர் தம் முயற்சியால் நிறுவியது என்பதே அதன் சிறப்பு.

தாம்பரம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். பச்சைமலை எனப்படும் குன்றின் அடிவாரத்தில், ஏறத்தாழ 250 ஏக்கர் பரப்பில் மரங்கள் சூழ்ந்த நிலத்தை இவர் தேர்ந்தெடுத்தார். 1928ஆம் ஆண்டு ஏப்ரல் 9 அன்று 12 படுக்கைகளுடன் நலவாழ்வு மனை தொடங்கப்பட்டது.

இடத்தேர்வுக்கு இரண்டு காரணங்கள் பொருந்தும். திறந்தவெளி மருத்துவத்துக்கு நகர்ப்புகை இல்லாத காற்றும் அமைதியும் தேவை. அவை தாம்பரத்தில் இருந்தன. அதேவேளை சென்னையிலிருந்து தெற்கே செல்லும் தொடர்வண்டிப் பாதையும் நெடுஞ்சாலையும் அருகிலேயே இருந்தன. 1931ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. 1937ஆம் ஆண்டு சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. சிற்றூர் புறநகராக வளர்ந்த தொடக்க ஆண்டுகளில் உருவானவற்றுள் சானடோரியமும் ஒன்று.

நலவாழ்வு மனை மருத்துவத்தின் பெரிய குறை அதன் செலவாகும். ஒரு நோயாளி பல மாதங்கள், சிலவேளை ஆண்டுக்கணக்கில் தங்கவேண்டியிருந்தது. அத்தனை காலமும் உழைப்பை விட்டு விலகியிருக்க ஏழைக் குடும்பத் தலைவரால் இயலாது. காசநோயால் மிகுதியாகப் பாதிக்கப்பட்டவர்களோ ஏழைகள். தனியொருவரின் முயற்சியாலோ 12 படுக்கைகளாலோ இச்சிக்கல் தீரக்கூடியதன்று.

அரசிடம் மாற்றமும் மறைவும்

1937ஆம் ஆண்டு சென்னை மாகாண அரசு இந்நலவாழ்வு மனையை விலைக்கு வாங்கியது. அதன்பின் அது அரசுக் காசநோய் மருத்துவமனையாக விரிவடைந்தது. சௌரி முத்து மீண்டும் இங்கிலாந்து சென்றார். 1940ஆம் ஆண்டு காலமானார்.

காசநோய்க்கு எதிரான முதல் ஆற்றல் வாய்ந்த மருந்தான இசுட்ரெப்டோமைசின் 1943ஆம் ஆண்டு அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. வாழ்நாள் முழுவதும் காசநோயை எதிர்த்துப் பணியாற்றிய சௌரி முத்து அதனைக் காணவில்லை.

பிற்கால வரலாறு

1940-களின் இறுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அமெரிக்க அறுவை மருத்துவர் ரீவ் பெட்சு நெஞ்சறை அறுவைத் துறையைத் தொடங்கினார். 1950-களில் மருந்துகள் பரவலாயின. நலவாழ்வு மனைகளின் அடிப்படைக் கருத்தையே சோதித்த ஆய்வு ஒன்று சென்னையிலேயே நடைபெற்றது. 1956ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக நலவாழ்வு அமைப்பு, பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இதில் இணைந்தன. இம்மையம் ஏறத்தாழ 200 ஏழை நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவினர் நலவாழ்வு மனையிலும் மற்றவர் தம் வீட்டிலும் இருந்தபடி ஓராண்டு ஒரே மருந்துகளை உட்கொண்டனர்.

1959ஆம் ஆண்டு வெளியான முடிவு உலகக் காசநோய் மருத்துவத்தையே மாற்றியது. நெரிசலான வீட்டில், குறைந்த உணவுடன், போதிய ஓய்வின்றி இருந்தவர்களும் நலவாழ்வு மனையில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாகக் குணமடைந்தனர். அவர்களுடைய குடும்பத்தாருக்கு நோய் தொற்றுவதும் கூடவில்லை. மருந்தை ஒழுங்காக உட்கொள்வதே முதன்மையானது என்பது தெளிவாயிற்று. அதன்பின் பல நாடுகளில் நலவாழ்வு மனைகள் மூடப்பட்டன. அம்மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில், இராமானுசன் மறைந்த அதே சேத்துப்பட்டில் இயங்குகிறது.

தாம்பரம் சானடோரியம் மூடப்படவில்லை. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய், முற்றிய நிலை, ஆதரவற்ற நோயாளிகள் எனத் தேவை தொடர்ந்து இருந்தது. 1993ஆம் ஆண்டு முதல் எச்.ஐ.வி. தொற்றுடையோரை இம்மருத்துவமனை அனுமதித்தது. அவர்களைப் பல மருத்துவமனைகள் ஏற்கத் தயங்கிய காலம் அது. எச்.ஐ.வி. தொற்றுடையோரைக் காசநோய் எளிதில் தாக்குவதால், நெஞ்சக நோய் மருத்துவமனை அவர்களின் இயல்பான புகலிடமாயிற்று. 2004ஆம் ஆண்டு இந்திய அரசு கட்டணமின்றி எச்.ஐ.வி. மருந்து வழங்கத் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மையங்களுள் தாம்பரமும் ஒன்று. 12 படுக்கைகளுடன் தொடங்கிய மருத்துவமனை பின்னாளில் 700-க்கும் மேற்பட்ட படுக்கைகள் கொண்டதாக வளர்ந்தது.

எழுதிய நூல்கள்

நுரையீரல் காசநோயும் நலவாழ்வு மனை மருத்துவமும் (1910)
நுரையீரல் காசநோய்: தோற்றமும் மருத்துவமும் (1922)
இந்து மருத்துவம், நாகரிகம் ஆகியவற்றின் தொன்மை (1930)

இவை அனைத்தும் ஆங்கில நூல்கள். தலைப்புகள் இங்குத் தமிழில் தரப்பட்டுள்ளன.

நினைவு

குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடையே உள்ள தாம்பரம் சானடோரியம் தொடர்வண்டி நிலையம் சௌரி முத்து நிறுவிய மனையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இவரது பெயர் அங்கு இல்லை. 2005ஆம் ஆண்டு இதே பகுதியில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சியானது. நகர்ப்புகை எட்டாத இடம் என்று இவர் தேர்ந்தெடுத்த ஊர் நகரமாகவே மாறிவிட்டது. இவர் கையாண்ட மருத்துவ முறை வழக்கொழிந்தபோதிலும், இவர் நிறுவிய மருத்துவமனை மூச்சுத் திணறி வரும் ஏழை நோயாளிகளுக்கு இன்றும் கட்டணமின்றி மருத்துவம் அளித்து வருகிறது.